படிவத்துக்கு முன்னால் தனியா இருக்காதேங்கோ

(பிளேஸ்டோவில் நடந்த மாணவர் நிதி உதவிக் கூட்டத்தில் பேசியது. பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



நான் பிளேஸ்டோவிலதான் பிறந்து வளர்ந்தனான். என்ர தமிழ் கொஞ்சம் இடறும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல என்ர பெரியம்மான்ர மகளைப் பற்றிச் சொல்றன். அக்கா ஏழு வயதில இங்க வந்தவ. 2013இல யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சுது. மாணவர் கடனுக்கு விண்ணப்பிச்சா. தகுதி இல்லை எண்டு கடிதம் வந்தது. அவவிட்ட இருந்தது தற்காலிக விசா. வீட்டில ஆரிட்டக் கேக்கிறது எண்டு தெரியேல்ல. தன்னிலதான் ஏதோ பிழை எண்டு நினைச்சு, பார்க்கிங் றோட்டில ஒரு கடையில கல்லாவில போய் நிண்டா.

அதே 2013இல் பியூரிஷ் டிகெரே என்ற பெண்ணுக்கு நோர்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சாம்பியாவிலிருந்து ஆறு வயதில் வந்தவர். அவருக்கும் கடன் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். அதே நிலையில் இருந்த இளைஞர்களின் ‘லெட் அஸ் லேர்ன்’ இயக்கமும் அவருக்குப் பக்கத்தில் நின்றது. 2015 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகுதான் விதி மாறியது. அக்கா 2016இல படிக்கப் போனா. அவவின்ர மூன்று வருசத்தை ஒருத்தரும் திருப்பித் தரேல்ல.

இப்ப அந்த விதி என்ன? படிப்புத் தொடங்கேக்க 18 வயதுக்குக் குறைவு எண்டால், இங்க ஏழு வருசம் வாழ்ந்திருக்க வேணும். 18க்கு மேல எண்டால், வாழ்க்கையில பாதி, அல்லது 20 வருசம். அதோட, கடைசி மூன்று வருசம் சட்டப்படி இருந்திருக்க வேணும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு இந்த வருடக் கணக்குத் தேவையில்லை. அசைலம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அரசுக் கடன் கிடையாது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் ‘சாங்சுவரி’ உதவித்தொகை வைத்திருக்கின்றன. எங்கெங்கே என்பதை ‘ரெஃப்யூஜி எஜுகேஷன் யுகே’, ‘ஸ்டார்’ என்ற இரண்டு அமைப்புகளிடம் கேட்கலாம். விசாக் குழப்பம் எண்டால் ‘யுகேசிசா’வைக் கேளுங்கோ.

அடுத்தது, விசாப் பிரச்சினை இல்லாத பிள்ளையள் காசை விடுற இடங்கள்.

ஒண்டு, வீட்டு வருமானம். என்ர அப்பா பேஸ்லிப்பை ஒருத்தருக்கும் காட்டமாட்டார். “எங்கட கஷ்டம் அவைக்கு ஏன்?” எண்டு கேட்டார். நானும் வருமானம் சொல்லாத கடனையே தெரிவு செய்தன். அப்பிடிச் செய்தால், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு வரவேண்டிய வாழ்க்கைச் செலவுக் கடனில ஏறக்குறைய பாதிதான் வரும். என்ர முதல் வருசம் அப்பிடித்தான் போச்சு. மிச்சத்தை அம்மா சீட்டு எடுத்துக் கட்டினவ.

இரண்டு, அவர்கள் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம். அதற்குப் பிறகு வீட்டு வருமானம் 15 சதவீதமோ கூடவோ குறைந்திருந்தால், நடப்பு வருடத்தை வைத்துக் கணக்கிடும்படி கேட்கலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

மூன்று, விவரங்களைப் பல்கலைக்கழகத்தோட பகிரச் சம்மதமா எண்டு ஒரு கேள்வி வரும். பயந்து ‘இல்லை’ எண்டு போடாதேங்கோ. பல இடங்களில பேர்சரி அந்தச் சம்மதத்தைப் பார்த்துத்தான் வரும். காசு முட்டுப்பட்டால் ஹார்ட்ஷிப் ஃபண்டையும் கேளுங்கோ.

பிந்திப்போச்சு எண்டும் விட்டிடாதேங்கோ. படிப்பாண்டு தொடங்கி ஒன்பது மாதம் வரைக்கும் விண்ணப்பிக்கலாம்.

‘கடன்’ எண்டவுடன எங்கட வீடுகளில நெஞ்சு திக்கெண்டும். வட்டிக்கு வாங்கி, நகையை ஈடு வைச்சு வந்த ஆக்கள் பயப்பிடுறதில நியாயம் இருக்கு. இந்தக் கடன் வேற மாதிரி. 2023 ஓகஸ்டிலிருந்து தொடங்கினவர்கள், வருடம் 25,000 பவுணுக்கு மேலே உழைக்கிற பகுதியில் 9 சதவீதம் கட்டவேண்டும். உழைப்பு இல்லையெண்டால் கட்டத் தேவையில்லை. 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. இதை அம்மா அப்பாவுக்குத் தமிழில விளங்கப்படுத்துங்கோ.

ஆனா தோழர்களே, இது நல்ல ஏற்பாடு எண்டு நான் சொல்ல வரேல்ல. 2016இல் ஏழைப் பிள்ளைகளுக்கான பராமரிப்பு மானியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடனை வைத்தார்கள். முழுக் கடன் கிடைக்கும் வருமான எல்லை 2008இலிருந்து 25,000 பவுணிலேயே நிற்கிறது. இரண்டு பேர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்தாலே அதைத் தாண்டிவிடும். யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மம்மாவுக்கு மாதம் மாதம் அனுப்புற காசை அந்தக் கணக்கில ஒருத்தரும் கழிக்கிறேல்ல. படிவத்தின்ர கண்ணுக்கு அம்மம்மா எங்கட குடும்பமே இல்லை.

அதால ரெண்டு வேலையும் எங்களுக்கு இருக்கு. மானியத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடவேணும். அதுவரைக்கும், வரவேண்டிய ஒரு பவுணையும் விடக்கூடாது. அக்கா தனிய இருந்து அந்தக் கடிதத்தை வாசிச்சா. டிகெரேக்குப் பக்கத்தில ஆக்கள் நிண்டவை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கூட்டம் முடிய பின்மேசைக்கு வாங்கோ. பேஸ்லிப், விசாக் கடிதம், லப்டொப் எதுவெண்டாலும் கொண்டு வாங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. தேத்தண்ணி இருக்கு. இருந்து நிரப்புவம்.