ஒரே தட்டில்



நூற்றாண்டு விழாவுக்கு வந்த எங்கள் வகுப்புத் தோழிகள் நேற்று ஒரு வீட்டுக் குசினியில் கூடிச் சமைத்தோம். நோர்வேயில் இருந்து வந்தவள் ‘ஃபோரிகோல்’ வைத்தாள்: எலும்போடு ஆட்டிறைச்சி, கோவா, முழு மிளகு, உப்பு, அவ்வளவுதான். ரொறன்ரோவில் இருந்து வந்தவள், கையோடு கொண்டுவந்த தெஃப் மாவை நாலு நாள் முன்பே கரைத்துப் புளிக்கவைத்து, எத்தியோப்பிய இன்ஜெரா சுட்டாள். பெரிய தோசை போன்றது. அதன்மேல் பருப்பையும் கறியையும் வைத்து, எல்லோரும் ஒரே தட்டில் பிய்த்துச் சாப்பிடுவார்கள். அன்புக்குரியவருக்கு ஒரு கவளம் ஊட்டிவிடுவதை அங்கே ‘குர்ஷா’ என்பார்களாம்.

எங்களுக்கு 1990களின் பாடசாலை இடைவேளை நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடைக் காலம். நாலு பேரின் பிட்டை ஒரு மூடியில் கொட்டிக் குழைத்துப் பங்கிட்டோம். ஒருத்தி மட்டும் “பசிக்கேல்லை” என்று மரத்தடிக்குப் போய்விடுவாள். நாங்களும் நம்பினோம். நேற்றுத்தான் சிரித்தபடி சொன்னாள்: “அப்ப வீட்டில காலமையும் ஒண்டும் இல்லையடி.” எங்களில் சிலர் இன்று மருத்துவர்கள். அன்று பக்கத்தில் இருந்த பசி எங்களுக்குத் தெரியவில்லை. நேற்று முதல் கவளம் அவளுக்குத்தான் ஊட்டினோம்.

பசித்த பிள்ளை இன்றும் வாய்திறந்து சொல்லமாட்டாள். ஆகவே சங்கம் காலையுணவுக்கு ஒரு நிதி தொடங்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். யார் இல்லாதவள் என்று தெரியாதபடி, எல்லோருக்கும் ஒன்றாகவே கொடுப்போம்.