உமிழ்நீர் வற்றினால்

பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லைப்புற ஊர்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளது. அதனால் விளையும் கேடுகளுள் கொடியது வாய்ப்புற்று. அதற்கெனக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் பெரிய நிலையம், திருவனந்தபுரத்தில் 1981-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வட்டாரப் புற்றுநோய் மையமாகும்.

கதிர்கள் நோயை அழிக்கின்றன. அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வாட்டிவிடுகின்றன. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் உமிழ்நீர் குறைந்தால் சோறு இறங்காது. பேச நா எழாது. பற்களும் விரைவில் சொத்தையாகும். இந்நிலை சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

மருந்தின்றிச் செய்யத்தக்கவை பல உண்டு. தண்ணீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி அருந்துக. மரச்சீனிக் கிழங்கு போன்ற மாவுப் பண்டங்களைக் காரமற்ற குழம்பில் மசித்தும், சோற்றைக் கஞ்சியாகக் குழைத்தும் உண்க. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கரைத்து நாள்தோறும் பலமுறை வாய் கொப்பளித்துத் துப்புக. மென்மையான தூரிகையும் புளோரைடு கலந்த பற்பசையும் கொண்டு பல் துலக்குக.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெல்லும்போது உமிழ்நீர் ஊறும் என்பது உண்மையே. அதனை நம்பி வெற்றிலைச் செல்லத்தை மீண்டும் திறத்தலாகாது. புகையிலை சேராவிடினும் பாக்குத் தானே புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது. மெல்ல விரும்புவோர் சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லலாம். சுரப்பியில் எஞ்சிய ஆற்றலை அது தூண்டும். புளிப்பு மிட்டாய் நீரை ஊறச் செய்யினும் பல்லை அரிக்கும்.

அக்குபங்சர் எனும் ஊசி முறையைச் சீனத்திலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்குப்பின் வறட்சி ஓரளவு குறைவாயிருந்தது. எனினும் இரு நாட்டு முடிவுகளும் ஒத்திருக்கவில்லை. தேர்ந்தவரிடம், மருத்துவர் இசைவுடன் மட்டுமே அதனை நாடுதல் வேண்டும்.

கதிர்பட்ட தாடையில் பல் பிடுங்கினால் புண் ஆறாது எலும்பு அழுகவும் கூடும். ஆதலின் பல் மருத்துவரிடம் சிகிச்சை விவரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அயல் மாநிலங்களில் வாழும் நீங்கள், ஊரிலுள்ள பெற்றோருடன் தொலைபேசியில் உரையாடுங்கால், "சாப்பிட்டீர்களா?" என்பதோடு நில்லாது, "சோறு எளிதில் இறங்குகிறதா? பல் நோகிறதா?" என்றும் கேளுங்கள். நோயை வென்றவர், வறட்சியால் உணவை வெறுத்து மெலிதல் கூடாது.