உறைமோரும் குழந்தையின் வயிறும்

திருப்பரங்குன்றத்தில் வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்கு வீடு நீர்மோர்தான். முந்தின ராத்திரி பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டோமே, அதிலிருந்த லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள்தான் விடிய விடிய வேலை பார்த்துப் பாலைத் தயிராக்கின. இந்த வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்குமா?

கொல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில், அங்குள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனம் இதைச் சோதித்தது. 1 முதல் 5 வயது வரை 3,758 குழந்தைகள். ஒரு பாதிக்குத் தினமும் லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா கலந்த பானம்; மறு பாதிக்கு அது இல்லாத சத்துப் பானம். 12 வாரம் கொடுத்து, மேலும் 12 வாரம் கவனித்தார்கள். முடிவு 2011-இல் வெளிவந்தது. பாக்டீரியா குடித்தவர்களில் 608 பேருக்கும், மற்றவர்களில் 674 பேருக்கும் வயிற்றுப்போக்கு. 14 சதவீதம் பாதுகாப்பு என்று கணக்கிட்டார்கள். சின்ன எண்தான். ஆனாலும் நல்ல தண்ணீருக்கே திண்டாடும் தெருக்களில், எனக்கு அது பெரிதாகவே படுகிறது.

இந்த நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் சுரக்கும். குடல் சுவரில் கிருமிகள் ஒட்ட இடம் விடாமல் நெருக்கும்.

தாய்மார்களே, நம் வீட்டு மோரில் இருப்பதும் அதே ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தால் முதலில் ஓ.ஆர்.எஸ். உப்புக்கரைசல். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்குக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை சோர்ந்து கண் செருகினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.