மிதிவண்டியில் ஓர் அடுக்களை

நெடும்பயணம் போகிறவர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இரண்டு இரவுகள் இரயிலில் கழித்துத் தொலைதூர நகரங்களில் வந்து குடியேறிய நாம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியின் அருமையை நன்கு அறிவோம். ஆயினும் அந்த மூட்டையைச் சுமந்து வந்தது இரயில் வண்டி. தன் கால் வலிமை ஒன்றையே நம்பி மலைப்பாதையில் செல்லும் பயணி எதை எடுத்துச் செல்லலாம், எதை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மிதிவண்டியில் கூடாரம், படுக்கை, உணவு, அடுப்பு ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு பல நாள் ஊர் சுற்றுவதை இன்றைய இளைஞர் 'பைக்பேக்கிங்' என்கின்றனர். பெயர் புதிது, செயல் பழையது. 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அன்றைய பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். இன்று டில்லியிலும் சண்டிகரிலும் மும்பையிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளுள் சிலர், கோடை விடுமுறையில் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு மிதிவண்டியில் செல்ல விரும்புகின்றனர். அந்தப் பாதையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே சுமார் 3,500 மீட்டர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையில் பாராலாச்சா, நக்கீ, லாச்சுலுங், தங்லங் முதலிய கணவாய்கள் குறுக்கே நிற்கின்றன. தங்லங் கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். தார்ச்சா என்னும் ஊரைக் கடந்தபின் ரும்ட்சே வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு ஆண்டு முழுவதும் மக்கள் குடியிருக்கும் ஊர் இல்லை. கோடை மாதங்களில் மட்டும் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் கூடாரக் கடைகள் தோன்றும். சோறும் பருப்பும் தேநீரும் கிடைக்கும். மோட்டாரில் செல்வோருக்கு அது போதும். சர்ச்சுவுக்கும் பாங்குக்கும் இடையே 70 கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் இரண்டு கணவாய்கள். மிதிவண்டிப் பயணி மாலைக்குள் அடுத்த கூடாரத்தை அடைவார் என்பதற்கு உறுதி கிடையாது. எதிர்க்காற்று வீசினாலும், ஓடை பெருகிச் சாலை அடைபட்டாலும், அன்றிரவு அவருக்கு ஆதாரம் தம் வண்டியில் உள்ள பைதான்.

ஆகவே அந்தப் பையைக் கட்டுவதற்கு ஒரு விதி வேண்டும். பலர் பொருள்களின் எடையை மட்டும் எண்ணுகின்றனர். நாம் வேறொன்றையும் எண்ண வேண்டும் என்போம். ஓர் உணவுப் பண்டம் உண்ணும் நிலைக்கு வர எவ்வளவு நெருப்புக் கேட்கிறது? குறைந்த நெருப்புக் கேட்கும் பண்டமே மலைப்பயணத்திற்கு உகந்தது. இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம்.

கடற்கரையில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. உயரே செல்லச் செல்ல, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் அது குறைந்துகொண்டே வரும். சர்ச்சு சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. நீர் ஆவியாவதும் எரிபொருள் தீர்வதுமே மிச்சம். அரிசி அந்த வெப்பத்திலும் மெல்ல வேகும். துவரம்பருப்போ மணிக்கணக்கில் கொதித்தாலும் மசியாமல் நிற்கும். பிரஷர் குக்கர் இக்குறையைத் தீர்க்கும் என்பது உண்மையே. ஆனால் மிகச் சிறிய குக்கரும் ஒரு கிலோவை எட்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து செல்லும் குழுவுக்கு அது பொருந்தும். தனித்துச் செல்பவருக்குச் சுமையே.

நெருப்பை ஏற்கெனவே கண்டுவிட்ட பண்டங்கள் நம் சமையலறையில் பல உண்டு. அவற்றுள் முதலிடம் அவலுக்கு. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கிய அவல் வெறும் தண்ணீரில் ஊறினாலே உணவாகிவிடும். அடுப்பே எரியாத இரவிலும் அது நம்மைப் பட்டினி போடாது. நாம் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தி பேசுவோர் போஹா என்பதும், வங்காளிகள் சிறே என்பதும், கன்னடியர் அவலக்கி என்பதும், தெலுங்கர் அட்டுகுலு என்பதும் இதுவே. அவலை அடுத்து நிற்பவை பொட்டுக்கடலை, வறுத்த தானியங்களை அரைத்த சத்துமாவு, வறுத்த ரவை, சேமியா ஆகியவை. பீகாரியர் வறுத்த கடலையை அரைத்துச் 'சத்து' என்று பையில் கட்டிக்கொண்டு வயலுக்குச் செல்வர். லடாக்கியர் வறுத்த வாற்கோதுமை மாவைத் தேநீரில் பிசைந்து உண்பர். விறகு அரிதான, குளிர் மிகுந்த நாட்டில் வாழ்வோர் தலைமுறை தலைமுறையாகக் கண்ட தீர்வு அது. அதை நாமும் மதித்துக் கைக்கொள்ளலாம்.

உயரத்திற்கு மற்றொரு குணமும் உண்டு. அது பசியைக் கெடுக்கும். தலைவலியும் குமட்டலும் தோன்றும். உணவைக் கண்டாலே வெறுப்பு வரும். ஆனால் உடலோ நாள் முழுதும் மிதித்ததனால் வழக்கத்தைவிட மிகுதியான உணவைக் கேட்கும். இந்த முரண்பாட்டில்தான் பயணிகள் சோர்ந்து விழுகின்றனர். அந்த வேளையில் நாவுக்குப் பழகிய சுவையே நமக்கு மருந்து. ஒரு சிறு குப்பியில் எண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், இரண்டு உப்பு நார்த்தங்காய், ஒரு பொட்டலம் பருப்புப்பொடி ஆகியவற்றின் மொத்த எடை கால் கிலோவைத் தாண்டாது. ஊறிய அவலில் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால், ஒரு கவளமும் இறங்காது என்றிருந்தவர் ஒரு கிண்ணம் உண்பார். எடையைக் குறைக்க வேண்டும் என்னும் ஆர்வத்தில் இவற்றை நீக்கிவிடுதல் கூடாது. இனிப்பு வேண்டுவோர்க்கு எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம். உறைபனியிலும் கெடாமல், சட்டைப்பையில் வைத்து மிதித்துக்கொண்டே உண்ணத்தக்க பண்டம் அது.

அளவு என்ன? ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவல் 250 கிராம், சத்துமாவு 150, ரவை அல்லது சேமியா 100, கடலைமிட்டாயும் பருப்பு வகைகளும் 200, வெல்லம் 50, நெய் 50 என்று கொள்வோம். ஆக 800 கிராம். இதில் ஏறத்தாழ 3,400 கிலோகலோரி உண்டு. நான்கு நாட்களுக்கு 3,200 கிராம். இடையில் கூடாரக் கடை தென்பட்டால் அங்கே வயிறார உண்டு, நம் பையை மிச்சப்படுத்தலாம். ஒவ்வொரு நாளின் உணவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, நாளின் எண்ணை மேலே எழுதி வைத்தல் நன்று. களைத்த கைகளுக்கு இருட்டில் தேடும் வேலை மிஞ்சாது.

இனிப் பாத்திரங்கள். ஒரு லிட்டர் கொள்ளும் அலுமினியத் தூக்கு ஒன்று போதும். மூடியும் கைப்பிடியும் உள்ள நம் வீட்டுத் தூக்கைவிடச் சிறந்த பயணப் பாத்திரத்தைக் காண்பது அரிது. அதற்குள்ளே அடுப்பு, கரண்டி, தம்ளர், துடைக்கும் துணி எல்லாம் அடங்கும். தீப்பெட்டி இரண்டு வேண்டும்; அவை வெவ்வேறு பைகளில், நனையாத உறைகளில் இருத்தல் வேண்டும். நீர் கொதித்ததும் ரவையை இட்டுக் கிளறி, அடுப்பை அணைத்து, தூக்கைக் கம்பளிக் குல்லாயில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அது தானே வெந்துவிடும். எரிபொருளும் மிஞ்சும்.

அடுப்புகளில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ எரிக்கும் பம்ப் அடுப்பு கடுங்குளிரிலும் உழைக்கும். ஆனால் கனம் மிகுதி, கரியும் படியும். எரிவாயுக் குப்பியின்மேல் திருகி வைக்கும் சிறு அடுப்பு இலேசானது. பியூட்டேன் மட்டும் அடங்கிய குப்பி குளிரில் சோர்ந்துவிடும்; பிராப்பேன் கலந்ததையே வாங்க வேண்டும். இரவில் அதைப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் எளிதாகப் பற்றும். நாளைக்கு இருமுறை நீர் கொதிக்க வைப்பவருக்கு 230 கிராம் குப்பி ஒன்று நான்கு நாட்களுக்குப் போதும். பனிக்கட்டியை உருக்கி நீராக்க முற்பட்டாலோ செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஓடை நீரையே நாடுக.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எரிவாயுக் குப்பியையோ மண்ணெண்ணெயையோ இரயிலில் எடுத்துச் செல்லுதல் குற்றம். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அதற்கு இடமில்லை. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரை நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவரப்பட்ட சமையல் எரிவாயுவினால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். வடக்கிலிருந்து நம் திருத்தலங்களைக் காண வந்தவர்கள் அவர்கள். அடுப்பை நம் ஊரிலிருந்து கொண்டு செல்வோம். எரிபொருளை மணாலியில் மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளில் வாங்குவோம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. குளிருக்கு அஞ்சிக் கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பெரித்தல் ஆகாது. காற்றோட்டமற்ற இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் முதற்குறி தலைவலி. மலை உயரத்தினால் வரும் நோய்க்கும் அதுவே முதற்குறி. எனவே பயணி ஏமாந்து உறங்கிவிடுவார், பிறகு விழிப்பதில்லை. சமையல் எப்போதும் வெளியே, பாறை மறைவில் நடக்கட்டும். காற்று அதற்கும் இடந்தராத இரவில் அடுப்பைத் தொடாமல் அவலை ஊறவைத்து உண்போம். குறைந்த நெருப்பு என்னும் விதியின் முழுப்பொருள் அப்போது விளங்கும்.

குடிநீர் மூன்று லிட்டர் வண்டியில் இருக்கட்டும். ஓடை நீரைக் கொதிக்க வைத்தால், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்கவிடுதல் வேண்டும்.

பைகளை அடுக்குவதிலும் முறை உண்டு. கனமான உணவும் பழுதுபார்க்கும் கருவிகளும் வண்டிச் சட்டகத்தின் நடுவிலுள்ள பையில், தாழ்வாக அமைய வேண்டும். கூடாரமும் படுக்கையும் கைப்பிடியின் முன்னே. உடைகள் இருக்கையின் பின்னே. எரிபொருள் உணவோடு சேராமல் சட்டகத்தின் அடியில் தனியே தொங்கட்டும். காலிப் பொட்டலங்களைத் திருப்பி எடுத்துவர ஒரு பையும் வேண்டும். அந்த வறண்ட குளிர் நிலத்தில் நாம் எறிவது எளிதில் மக்காது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, மொட்டை மாடியிலோ பூங்காவிலோ பை முழுவதையும் பிரித்து, அந்த ஒரே தூக்கில் ஒரு வேளை சமைத்துப் பாருங்கள். எது பயன்படவில்லையோ அதை வீட்டிலேயே வையுங்கள். மலையேறத் தொடங்கியபின் 3,000 மீட்டருக்கு மேல் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உறங்குமிடத்தை உயர்த்திக்கொண்டு, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் தங்கிச் செல்லுங்கள். தலைவலி தணியாவிட்டால் கீழே இறங்குவதில் இழுக்கில்லை. அந்தக் கூடுதல் நாட்களுக்கும் உணவு வேண்டுமல்லவா? பையில் ஒரு நாள் அவலை எப்போதும் உபரியாக வைத்திருங்கள். அதைத் தொடாமல் லே நகரை அடைந்தால், அங்கே தேநீர் தரும் வீட்டாரோடு பகிர்ந்து உண்ணலாம்.