ஒட்டலும் வெட்டலும்

இன்று 'கிளீவ்' என்னும் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். சிறிய சொல்லேயாயினும், என்னை ஒருநாள் தலைகுனியச் செய்த சொல் அது.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிது. வறுமையுற்ற ஒரு செல்வனைப் பற்றிய ஆங்கிலப் பகுதியொன்றைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்திருந்தேன். முதிய பணியாளன் தலைவனிடம் 'கிளீவ்' செய்தான் என்று அதில் வந்தது. ஒரு மாணவன், 'தலைவனை விடாது பற்றி நின்றான்' என்று எழுதியிருந்தான். அச்சொல்லுக்குப் பிளத்தல் என்ற ஒரு பொருளையே நான் அறிந்திருந்தேன். ஆகவே சிவப்பு மையால் அடித்து, 'பிரிந்து சென்றான்' என்று திருத்தினேன். மாணவன் ஒன்றும் பேசாமல் ஏட்டை வாங்கிக்கொண்டான். அவன் முகம் என் மனத்தை உறுத்தியது. மாலையில் அகராதியைப் புரட்டினேன். அவன் எழுதியதே சரி! நன்றியுள்ள ஒருவனை நான் நன்றி கொன்றவனாக்கியிருந்தேன்.

ஒரே சொல்லுக்கு ஒட்டுதல், பிளத்தல் என்னும் மாறுபட்ட பொருள்கள் எவ்வாறு வந்தன? உண்மையில் அவை இரு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் ஒட்டுதலுக்குக் 'கிளிஃபியன்' என்றும், பிளத்தலுக்குக் 'கிளேயோஃபன்' என்றும் வேறு வேறு வினைகள் இருந்தன. காலப்போக்கில் ஒலி திரிந்து இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. நம் மொழியில் நதியைக் குறிக்கும் 'ஆறு' என்பதும், எண்ணைக் குறிக்கும் 'ஆறு' என்பதும் வடிவில் ஒன்றாக நிற்கவில்லையா? அதுபோலத்தான். 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், கணவன் மனைவியோடு இணைந்திருத்தலைக் கூறுமிடத்திலும், விலங்குகளின் பிளந்த குளம்பைக் கூறுமிடத்திலும் இச்சொற்கள் பயின்று வருகின்றன.

அவ்வாறாயின் பொருளைத் தெளிவது எங்ஙனம்? அடுத்து வரும் சொல்லை நோக்குங்கள். ஒட்டுதற் பொருளில் 'டு' அல்லது 'அன்டு' என்னும் இடைச்சொல் தொடர்ந்து வரும். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வதும், ஒருவன் கொள்கையைப் பற்றி நிற்பதும் இவ்வகை. பிளத்தற் பொருளிலோ, பெரும்பாலும் செயப்படுபொருள் நேரே வந்து நிற்கும். கோடரி மரத்தைப் பிளப்பதும், கப்பல் அலையைக் கிழித்துச் செல்வதும் இவ்வகை.

இறந்தகால வடிவங்களும் துணை செய்யும். ஒட்டுதலுக்கு இன்று வழங்குவது 'கிளீவ்டு' ஒன்றே. பிளத்தலுக்கு அதனோடு 'கிளெஃப்ட்', 'குளோவ்', 'குளோவன்' என்பனவும் உண்டு. பிளந்த குளம்பைக் 'குளோவன்' என்றும், பிளந்த அண்ணத்தைக் 'கிளெஃப்ட்' என்றுமே கூறுதல் மரபு. மாற்றிக் கூறுதல் வழுவாம். பூண்டின் பல்லைக் குறிக்கும் 'குளோவ்' என்பதும் பிளத்தலோடு உறவுடையது. ஆனால் கிராம்பைக் குறிக்கும் 'குளோவ்' வேறு. அது ஆணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் என் பிழையைக் கூறி, அம்மாணவனுக்குரிய மதிப்பெண்ணை வழங்கினேன். அவனிடம், "நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "ஐயா திருத்தியது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன்" என்றான். பிழையைவிட அவ்விடையே என்னை மிகுதியும் வருத்தியது.

ஆகவே மாணவர்களே, ஐயம் தோன்றினால் பணிவோடு கேளுங்கள். அகராதியில் ஒரு பொருளைக் கண்டதும் நின்றுவிடாமல் அடுத்ததையும் படியுங்கள்.