புள்ளி இல்லாத பாடம்

இன்று பட்டம் பெறும் மாணவர்களே,

நாம் கூடியிருக்கும் இதே பம்பலப்பிட்டியில், காலி வீதியில், யூனிட்டி பிளாசா இருக்கிறது. கொழும்பில் கணினி வாங்க நினைப்பவர்கள் பல வருடங்களாக ஏறி இறங்கும் கட்டடம். உங்களில் பலர் முதல் மடிக்கணினியை அங்கேதான் விலை பேசி வாங்கியிருப்பீர்கள். எத்தனை கோர், எத்தனை கிகாஹேர்ட்ஸ், உத்தரவாதம் எத்தனை வருடம் என்றெல்லாம் விசாரித்திருப்பீர்கள். அந்தப் புரொசசருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கடைக்காரரிடம் கேட்கிற கேள்வியும் அல்ல அது. வேலை, சம்பளம், வெளிநாடு பற்றி உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் உண்டு. புரொசசருக்குள் என்ன நடக்கிறது என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் உள்ள சந்தோஷத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

உயர்தர வகுப்பிலோ முதலாம் ஆண்டிலோ தருக்கப் படலைகளைப் படித்தீர்கள். உண்மை அட்டவணை போட்டீர்கள், புள்ளி வாங்கினீர்கள், அத்தோடு மறந்தும் போனீர்கள். அவற்றில் இரண்டை மீண்டும் எடுங்கள். ஒன்று, இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டுமே 1 தரும். மற்றது, இரண்டில் ஒன்று மட்டும் 1 ஆனால்தான் 1 தரும். ஒரே சோடி உள்ளீடுகளை இரண்டுக்கும் கொடுத்துப் பாருங்கள். பின்னது கூட்டுத்தொகையைத் தரும், முன்னது அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதைத் தரும். கூட்டல் என்றால் என்னவென்றே அறியாத இரண்டு படலைகள் கூட்டி முடித்துவிட்டன! வேறு இரண்டு படலைகளை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டில் மாறிமாறிப் பொருத்தினால், அந்தச் சோடி ஒரு பிட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இவற்றைத் தாளம் தப்பாமல் நடத்த ஒரு கடிகாரத் துடிப்பு வேண்டும். அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்ட ஓர் எண்ணி வேண்டும். பிறகென்ன, கட்டளையை எடு, விளங்கிக்கொள், செய், அடுத்ததை எடு. அடிப்படை இவ்வளவுதான். இது ஒருவருக்கு முதன்முதலில் விளங்கும் நேரத்தில், அதுவரை மாயமாக இருந்த ஒன்று மாயம் கலைந்த பிறகும் அழகாகவே இருக்கும்.

மேலே போகப்போக இன்னும் சுவை கூடும். 3 கிகாஹேர்ட்ஸ் புரொசசரின் ஒரு துடிப்புக்குள் ஒளியே சுமார் 10 சென்ரிமீற்றர்தான் போகும். அந்த வேகத்தில் ஓடும் ஒன்றுக்கு, நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை காத்திருப்பது பெரும் நட்டம். அதனால் புரொசசர், நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகித்து, முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊகம் பிழைத்தால் செய்ததை அழித்துவிடும். 2017இல் கூகுளில் வேலை செய்த யான் ஹோர்ன் என்ற 22 வயது இளைஞர், தன் நிரல் வன்பொருளில் எப்படி ஓடும் என்று அறிய இன்டெலின் மிகத் தடித்த கைநூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். பிழைத்த ஊகத்தின் வேலையை அழித்த பிறகு தடயம் எதுவும் மிஞ்சாதா என்று அவருக்கு ஓர் ஐயம் வந்தது. மிஞ்சத்தான் செய்தது. வேறு ஆய்வாளர்களும் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பெயர்களில் அந்தத் தடயங்கள் திறந்துவிட்ட பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாகி, உலகெங்கும் கணினிகளைத் திருத்த வேண்டி வந்தது. உங்கள் வயதுக்காரர் ஒருவர் கைநூலைப் பொறுமையாகப் படித்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதெல்லாம் தூர தேசத்துக்காரர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன், பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளைஞர் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி, 1950களின் நடுவில் ஒரு கணினியைக் கட்டத் தொடங்கினார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள், 12,500 தடைகள். அவ்வளவையும் பொருத்தி முடித்து, 1960இல் அதை ஓட வைத்தார்கள். பின்னர் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வந்தது. நம் காலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு வடிவமைத்த சக்தி புரொசசர் 2018இல் சில்லாக வந்து லினக்ஸை ஓட்டியது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியில் அமைந்த அதன் வடிவமைப்பை யாரும் இறக்கிப் படிக்கலாம். நரசிம்மனின் குழு வருடக்கணக்கில் உழைத்துப் பெற்ற அறிவுக்கு, உங்களுக்கு ஓர் இணைய இணைப்பும் சில மாலைப் பொழுதுகளும் போதும்.

"நேர்முகத் தேர்வில் இதைக் கேட்க மாட்டார்களே, நிரலைக்கூட இனி இயந்திரமே எழுதித் தருமே" என்பீர்கள். தரட்டும். அந்த இயந்திரமும் ஏதோ ஒரு சில்லில்தான் ஓடுகிறது. அது தருவதை நம்பலாமா என்று பார்க்க, அடிவரை இறங்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் தேவைப்படுவார்.

பட்டம் வாங்கிய கையோடு ஒன்று செய்யுங்கள். ரிஸ்க்-ஃபைவ் சிமுலேற்றர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1 முதல் 10 வரை கூட்டும் ஒரு சின்ன நிரலை எழுதி, கட்டளை கட்டளையாக ஓட்டிப் பாருங்கள். முடிவில் 55 வந்து நிற்கும். சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விடைதான். ஆனால் அது வந்த வழியை ஒரு படியும் விடாமல் கண்டவர் நீங்களாக இருப்பீர்கள். அதற்கு யாரும் புள்ளி போட மாட்டார்கள், சான்றிதழும் தர மாட்டார்கள். அப்படி ஒரு பாடத்தையாவது வாழ்நாள் முழுவதும் கையில் வைத்திருங்கள்.