அடமானமும் வட்டியும்: தங்கவயலின் பாடம்



பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப்பாதை தங்கச் சுரங்கங்களுக்கென அமைக்கப்பட்டது. இன்று அதே பாதையில் தங்கவயல் மக்கள் நாள்தோறும் பெங்களூருக்குப் பணிக்குச் சென்று திரும்புகின்றனர். அவர்களுள் பலருக்கும் உள்ள ஒரே விருப்பம் சொந்த வீடு. இயன்றால் வாடகைக்கு விட இன்னொன்று.

இவ்விருப்பத்தின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் 'லைன்' வீடுகளில் குடியேற்றப்பட்டனர். 1956இல் மைசூர் அரசும், பின்னர் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது. தலைமுறைகள் வாழ்ந்த வீடு நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது.

வங்கி நோக்குவது குடியிருந்த காலத்தை அன்று, உரிமைப் பத்திரத்தையே. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பத்திரங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானத்தை ஏற்கிறது. ஒப்படைக்கப் பத்திரமே இல்லாதவன் வீட்டுக்கடனின் வாயிலுக்கே வர இயலாது. நூறாண்டு உழைப்பு இருந்தும் அடகு வைக்க நகை மட்டுமே எஞ்சிய நிலை இவ்வாறே உண்டாயிற்று.

1970இல் ஹட்கோவும், 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் தோன்றிய பின் வீட்டுக்கடன் பரவலாயிற்று. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனில், வங்கிகள் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை வழங்கலாம். எஞ்சியதைக் கடன் பெறுபவரே திரட்டவேண்டும்.

வட்டியின் இயல்பை அறிதல் இன்றியமையாதது. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற புற அளவுகோல்களுடன் இணைக்கப்பட்டன. 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆக உயர்ந்தது; 2025இல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கடன் வட்டியும் இவ்வாறே ஏறி இறங்கும்.

20 ஆண்டுகளுக்கு 8 விழுக்காட்டில் 10 லட்சம் ரூபாய் கடன் எனக் கொள்க. மாதத் தவணை ஏறத்தாழ 8,364 ரூபாய். வட்டி 9 ஆனால் தவணை 8,997 ஆகும். தவணையை உயர்த்தாது விட்டால், கடன் 25 ஆண்டுகளையும் தாண்டி நீளும். ஓய்வு பெற்ற பின்னும் தவணை தொடரும் என்பதே இதன் பொருள். ஆதலால் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா எனத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்கு அளிக்கப் பணித்தது. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்போரிடம் வங்கிகள் அபராதம் பெறலாகாது என 2012இலேயே ஆணையிட்டது.

வாடகைக்கென வீடு வாங்குவோர் மற்றொரு கணக்கும் போடவேண்டும். மேற்சொன்ன வீட்டுக்கு 5,000 ரூபாய் வாடகை வருமாயின், மாதந்தோறும் 3,364 ரூபாய் ஊதியத்திலிருந்தே செல்லும். வீடு காலியாயின் முழுத் தவணையும் தலைமேல் விழும். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை தவணை கட்டாது. தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, நீதிமன்ற வழக்கின்றியே வங்கி சொத்தைக் கைப்பற்றி விற்கலாம்.

எனவே முதலில் பார்க்கவேண்டியது வட்டி விகிதம் அன்று. வில்லங்கச் சான்று, வேளாண் நிலத்தை மனையாக மாற்றிய ஆணை, மனைப்பிரிவின் ஒப்புதல் ஆகியன சரியாக உள்ளனவா என்பதே முதற்கேள்வி. அதன் பின்னரே வட்டியும் தவணையும். பத்திரமின்றி வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள், பத்திரம் பார்க்காமல் பணம் கொடுத்தல் தகாது.